படூக்காவில் சிரட்டைப் பொத்தான் விற்றோம்

முதலில் வேன்காரன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. குவில்ட் என்னும், துணித் துண்டுகளை இணைத்து நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைகளுக்குப் பேர்போன ஊர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா. அங்கே நடக்கும் குவில்ட் வாரத்தில் அக்காவின் கைவேலைகளை விற்க நானும் அவளும் கிளம்பினோம். சிகாகோவிலிருந்து போய்வர ஒரு சின்ன சரக்கு வேனுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தோம். விடியற்காலையில் போய் நின்றால், "அந்த வண்டி திரும்பி வரவில்லை, இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு லாரிச் சாவியை நீட்டுகிறான். உள்ளே ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தலாம். எங்களிடம் இருந்தது நாலு பெட்டித் துணி, இரண்டு மடக்கு மேசை, பொத்தான் டப்பாக்கள், அவ்வளவுதான். வாடகை அதே வாடகைதான் என்று சொல்லிவிட்டு, மைல் கணக்கை மட்டும் பெரிய வண்டி விகிதத்தில் போட்டிருக்கிறான். அது ரசீது கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. போக வர 700 மைலுக்கு மேல் ஓடும் பயணத்தில் மைலுக்குச் சில சென்ட் கூடினாலே என்ன ஆகும் என்று பாருங்கள். பெட்ரோல் வேறு குடித்துத் தள்ளியது. வண்டி வாடகைக்கு எடுப்பவர்கள் தினவாடகையைப் பார்க்காதீர்கள், மைல் விகிதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

"ரயிலில் போகலாமே" என்று கேட்பவர்களுக்கு: சிகாகோவிலிருந்து தெற்கே போகும் ரயில் கார்பண்டேலில் நிற்கும், படூக்காவுக்குப் பயணிகள் ரயிலே கிடையாது. சரக்கோடு போகிறவர்களுக்கு அது ஆகாது. ஐ-57 சாலையில் இல்லினாய் மாநிலத்தை மேலிருந்து கீழாக முழுக்கக் கடந்து, ஐ-24 பிடித்து, ஒஹையோ ஆற்றுப் பாலம் ஏறி இறங்கினால் படூக்கா. ஆற்றுக்கு இல்லினாய்ப் பக்கம் மெட்ரோபொலிஸ் என்ற சின்ன ஊரில் பெரிய சூப்பர்மேன் சிலை இருக்கிறது. "திரும்பும்போது பாத்துக்கலாம், முதல்ல இடம் பிடிக்கணும்" என்று அக்கா வண்டியை நிறுத்தவே விடவில்லை.

வழி, தங்குமிடம், சாப்பாடு, கடை என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ஊரைப் பற்றிச் சொல்லாமல் எதுவும் புரியாது.

படூக்காவில் மொத்தம் 27,000 பேர்தான் இருப்பார்கள். டென்னசி ஆறு ஒஹையோவில் வந்து சேரும் இடம். 1984-ல் ஷ்ரோடர் தம்பதி அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டியை இங்கே தொடங்கினார்கள், மறு ஆண்டே கண்காட்சி. 1991-ல் குவில்ட் அருங்காட்சியகம் திறந்தது. 2013-ல் யுனெஸ்கோ, கைவினைக்கும் நாட்டுப்புறக் கலைக்குமான படைப்பு நகரங்கள் பட்டியலில் இந்த ஊரைச் சேர்த்தது. ஏப்ரலில் குவில்ட் வாரம் வந்தால் ஊர் கொள்ளாது. ஓட்டல் எல்லாம் நிரம்பி, உள்ளூர்க்காரர்கள் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். கடைகள், தேவாலயங்கள், பழைய கட்டடங்கள் எங்கே பார்த்தாலும் துணி தொங்குகிறது. டாக்வுட் மரங்கள் அந்த நேரத்தில்தான் பூக்கின்றன. தெருவில் நடப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தையல் தெரிந்த பெண்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அக்கா கையால் செய்த சரக்கு இரண்டு வகை. பழைய சுங்குடி, கண்டாங்கிப் புடவைகளை வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, ஓட்டுத்தையல் போட்டுச் செய்த சுவர்த் தொங்கல்கள் ஒன்று. தேங்காய்ச் சிரட்டைப் பொத்தான்கள் இன்னொன்று. நாகர்கோவில் பக்கத்துப் பட்டறையிலிருந்து வட்டமாக வெட்டிய சிரட்டைத் துண்டுகள் வரும். ஓட்டை போடுவது, விளிம்பைத் தேய்ப்பது, மெருகேற்றுவது எல்லாம் அக்கா கை. சிரட்டை இயல்பிலேயே வளைவானது என்பதால் பொத்தான் பெரிதாக ஆக ஆகக் கிண்ணத்து வளைவு எட்டிப்பார்க்கும். பொத்தான் அளவுக்குத் திருப்பூரில் சொல்லும் அதே லைன் கணக்குத்தான் இங்கேயும்: 40 லைன் என்றால் ஓர் அங்குலம். 24 லைன் வரை சிரட்டை தட்டையாகவே படிந்து உட்காரும்.

கண்காட்சி மைய அரங்கில் இடம் பிடிப்பது எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாத விஷயம். குவில்ட் வாரத்தில் ஊருக்குள் தனியாக நடக்கும் சின்ன விற்பனைக் கூடம் ஒன்றில் பத்துக்குப் பத்தடி இடம் எடுத்தோம். மூலை இடத்துக்குக் கூடுதல் பணம், மின் இணைப்புக்குக் கூடுதல் பணம். மூலையும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்று அக்கா பேட்டரி விளக்குகளைக் கட்டினாள். சிரட்டை மாதிரிக் கருத்த நிறச் சரக்குக்கு வெளிச்சம் இல்லாமல் வியாபாரமே இல்லை, அந்தச் செலவை மட்டும் யாரும் குறைக்காதீர்கள்.

இப்போது அந்தப் பாட்டியம்மா. எண்பதைத் தாண்டியிருப்பார். கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, இடுப்புப் பையில் கத்தரிக்கோல். ஒரு பொத்தானை எடுத்தார், விலை கேட்கவில்லை. பையிலிருந்து வெள்ளை நூல் ஒரு சாண் உருவி, ஓட்டையில் கோத்து, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்தார். பிறகு நூலைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். ஓட்டை விளிம்பில் துளி கூர்மை இருந்தால் நூலில் பிசிறு எழும், கோட்டுச் சட்டையில் தைத்த பொத்தான் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. பிசிறு இல்லை. அடுத்த பொத்தானை எடுத்து அதே சோதனை. பிறகு கவிழ்த்துப் போட்டு, நாலு ஓட்டையும் நடுவில் இருக்கிறதா என்று நகத்தால் அளந்தார். அக்கா மூச்சு விடாமல் நின்றாள். "உள் விளிம்பைக் கையால் மழித்தாயா?" என்றார். "ஆமாம், ஒவ்வொன்றையும்" என்றாள் அக்கா. ஏழு பொத்தான்கள் கொண்ட அட்டை இரண்டு எடுத்துக்கொண்டு, பேரம் பேசாமல் பணம் கொடுத்துவிட்டுப் போனார். அரைமணியில் அவருடைய தோழிகள் ஒரு கூட்டமாக வந்தார்கள்.

இந்தச் சந்தையின் சங்கதியே இதில்தான் இருக்கிறது. வேறு கைவினைச் சந்தைகளில் வாங்குபவர் வேறு, செய்பவர் வேறு. குவில்ட் சந்தையில் எதிரே நிற்கும் ஒவ்வொருவரும் செய்பவர். அவர்களிடம் போய் முடித்த குவில்ட்டை விற்க முடியாது. 450 டாலர் தொங்கலுக்கு முன்னால் வந்து நின்று, தையலை எண்ணி, ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்து, "அழகு" என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் பணம் கொடுப்பது அவர்களால் செய்ய முடியாததற்கும், அடுத்துச் செய்யப்போவதற்கும்தான். சிரட்டைப் பொத்தான் முதல் வகை. இரண்டாவது வகைக்கு அக்கா வைத்திருந்தது புடவைத் துண்டுகள். 18-க்கு 22 அங்குலம் வெட்டினால் அவர்கள் 'ஃபேட் குவார்ட்டர்' (கால் கெஜத் துண்டு) என்று கண்ணாலேயே அளவு கண்டுபிடிக்கிறார்கள். அதே துணியை மீட்டர் கணக்கில் வைத்தால் சீந்துவாரில்லை. சுங்குடிப் புள்ளிகள் அச்சடித்தவை அல்ல, ஒவ்வொன்றும் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தவை என்று சொன்னதும் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து முடிச்சின் சுருக்கத்தைத் தேடினார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் மறுபடி அந்த லாரியைக்கூட ஓட்டுவேன்.

இவை போக இன்னொரு சரக்கு, டோர்செட் பொத்தான் கிட். இங்கிலாந்து டோர்செட் மாவட்டத்தில் பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய குடிசைத் தொழில் அது. வளையத்தின் மேல் நூலைச் சுற்றி, குறுக்கே ஆரம் ஆரமாக இழுத்து, நடுவிலிருந்து பின்னிக்கொண்டே வர வேண்டும். பொத்தான் இயந்திரம் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. பித்தளை வளையம், ஊசி, நூல், விளக்கத்தாள் எல்லாம் போட்டு 18 டாலருக்கு வைத்தோம். "இதை நானே செய்துவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்கள் எல்லாச் சந்தையிலும் உண்டு. இங்கே அப்படிச் சொல்கிறவர்தான் கிட் வாங்குகிறார். கோபப்பட ஒன்றுமில்லை.

கோபம் வந்தது வேறு ஒருத்தி மேல். அக்காவின் தொங்கல் ஒவ்வொன்றையும் நெருக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டே போனாள். எதற்கு என்று கேட்டால், "எங்கள் குழுவில் இதைப் பாடமாக நடத்தலாம் என்று". கேட்டு எடுத்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும். அக்கா அமைதியாகப் போய் நடுவில் நின்றுகொண்டாள். "ஏட்டி, அந்தப் பெரிய துணிய எடுத்து மேல போர்த்து" என்றாள் என்னிடம். போர்த்தினேன்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. கென்டக்கியில் விற்பனை வரி 6 சதவீதம், மாநிலம் முழுக்க ஒன்றுதான். வரியையும் உள்ளே சேர்த்து முழு டாலராக விலை எழுதிவிட்டால் சில்லறைத் தொல்லை இல்லை, வரிசையும் தேங்காது. பேரம் கேட்பவர்களுக்கு நாங்கள் குறைக்கவில்லை. கையால் மழித்த பொத்தானுக்குக் குறைத்தால், முழு விலை கொடுத்த பாட்டியம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

அருங்காட்சியகத்துக்கு அக்காவைக் கடையில் விட்டுவிட்டு நான் போனேன், அடுத்த வேளை அவள் போனாள். டிக்கெட் விலை பார்த்து யோசிக்க வேண்டாம், போங்கள். துணி வெளிறாமல் இருக்க மங்கலான வெளிச்சம், கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். மரத்தில் செதுக்கிய குவில்ட் ஒன்று இருக்கிறது. மடிப்பும் தொய்வும் பார்த்துத் துணி என்றே சத்தியம் செய்வீர்கள். கண்காட்சி அரங்கில் வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நிற்கிறார்கள். பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றால் அவர்களைக் கேட்டால் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காட்டுவார்கள். பின்பக்கத்தைப் பார்க்காமல் வராதீர்கள். தையல்காரியின் தரம் அங்கேதான் தெரியும்.

பக்கத்துக் கடைக்காரர் பழைய பொத்தான் வியாபாரி. அவர் மேசையில் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்த ஆற்றுச் சிப்பி ஓடுகள் கிடந்தன. அயோவா மாநிலம் மஸ்கடீனில் 1891-ல் பெப்பிள் என்ற ஜெர்மானியப் பொத்தான் தொழிலாளி, மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியிலிருந்து பொத்தான் வெட்டத் தொடங்கினார். 1905 வாக்கில் அந்த ஒரே ஊரில் ஆண்டுக்கு 150 கோடி பொத்தான்கள். பெண்களும் பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்து அவற்றை அட்டையில் தைத்தார்கள். பிறகு பிளாஸ்டிக் வந்தது, ஜிப் வந்தது. வெட்டி எடுத்தது போக மிஞ்சிய ஓடுதான் மேசையில் கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே கரடுமுரடான பழுப்பு, உள்ளே ரோஜா கலந்த வெள்ளி. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு நகக்கண் அளவுகூட வீணாக்காமல் வெட்டியிருக்கிறார்கள். 5 டாலர் கொடுத்து ஒன்று வாங்கினேன். பட்ஜெட்டில் இல்லாத ஒரே செலவு, வாங்கியது சரிதான்.

சாப்பாட்டுக்கு அக்கா சட்டி நிறையப் புளியோதரை கட்டி வந்திருந்தாள். கூடத்து வாசலில் நின்ற தள்ளுவண்டியில் காய்ந்த ஹாட்டாக் ஒன்றும் தண்ணீர் பாட்டிலும் 17 டாலர். வெட்கமே இல்லாத விலை. ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சபைப் பெண்கள் மதியச் சாப்பாடு போட்டார்கள். கோழிக்குழம்பில் மாவு உருண்டைகள் வெந்து கிடக்கும் சாப்பாடு, மக்காச்சோள ரொட்டி, வேகவைத்த பயறு. கடைசியில் தேங்காய் க்ரீம் பை. பக்குவத்துக்கு ஒரு குறை சொல்ல முடியாது. "நல்லா இருக்கு, கொஞ்சம் மிளகு கேக்குது" என்றாள் அக்கா. போட்டுக்கொண்டு இரண்டாவது தடவையும் வாங்கினாள். முழுச் சாப்பாடு அந்த ஹாட்டாக்கை விட மலிவு.

அறை கதை கசப்பு. பேசிய வாடகை ஒன்று, போய்ச் சேர்ந்ததும் "குவில்ட் வாரத்துக்குக் கூடுதல்" என்று ஒன்று. வண்டி நிறுத்தத் தனிக்காசு. வெந்நீர் இரண்டாவது ஆளுக்கு வராது. வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறார்கள்.

தொங்கல் ஒன்றாவது போகுமா என்பதுதான் அக்காவின் கவலை. போனது. தையல் தெரிந்த யாரும் வாங்கவில்லை. மனைவி உள்ளே துணி பார்க்க, வாசல் நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வாங்கினார். ஆற்றில் சரக்குப் படகுகளைத் தள்ளும் இழுவைப்படகில் மாலுமியாக இருந்தவராம். படூக்காவில் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நிறைய. கருநீலச் சுங்குடியில் செய்த பெரிய தொங்கல். அவர் தையலை எண்ணவில்லை, பின்பக்கம் பார்க்கவில்லை. "ராத்திரி ஆற்றில் கரை விளக்குகள் இப்படித்தான் தெரியும்" என்றார். வங்கி அட்டையை நீட்டினார். மனைவி வந்து பார்த்து, "நான் தைப்பதெல்லாம் போதாதா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அவரும் ஒரு கிட் வாங்கிக்கொண்டார்.

கணக்குப் பார்த்தால் வண்டி, பெட்ரோல், அறை, இடவாடகை நாலையும் பொத்தானும் கிட்டும் புடவைத் துண்டுமே கட்டிவிட்டன. தொங்கல் விற்ற பணம்தான் கையில் நின்றது. தொங்கல் அதிகம் விற்காது என்று அதைக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். கூட்டம் அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தது, வந்த பிறகுதான் பொத்தான் பக்கம் கை போனது.

அடுத்த ஏப்ரலுக்கு அறை சொல்லியாகிவிட்டது. தேவாலயச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் மாடி அறை, வாடகை எழுத்தில் வாங்கிவிட்டோம், வண்டி நிறுத்த இடமும் உண்டு. பட்டறைக்கும் அக்கா ஆர்டர் போட்டுவிட்டாள். பெரிய அளவு வேண்டாம், எல்லாம் 24 லைன்.