மூன்றாவது முறையில் சரியாக வந்த டேப்பட்

நேற்றுக் காலை ஒரே கிக்கில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிக்கொண்டு வந்து நிறுத்தி, ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்தேன். ஐடிலிங் ஆடாமல் நின்றது. இரண்டு மாதமாகச் சூடானால் அணைந்துகொண்டிருந்த வண்டி இது. டேப்பட்டை, அதாவது எஞ்சின் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியை, நானே சரிசெய்து வைத்தேன். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை சரியாக வந்தது. அந்த மூன்று முறையிலும் நடந்ததை எழுதிவிடுகிறேன், அதே இடத்தில் நிற்பவர்களுக்கு உதவும்.

வண்டி 150 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், இரண்டு வால்வு, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவும் அதை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டும் உள்ள பழைய பாணி. 24,000 கி.மீ. ஓடியிருக்கிறது. என் கையேட்டின்படி இடைவெளி, இன்லெட் வால்வுக்கு (கலவை உள்ளே வரும் வழி) 0.08 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு (புகை வெளியேறும் வழி) 0.12 மி.மீ., இரண்டுக்கும் 0.02 கூடக் குறைய இருக்கலாம். உங்கள் வண்டிக்கு எண்கள் வேறாக இருக்கும், கையேட்டைப் பாருங்கள்.

ஒரு வருடத்துக்கு முன் நான் செயின் ஸ்லாக்கைக்கூடத் தொட்டதில்லை. ஏர் ஃபில்டரில் தொடங்கினேன், அப்புறம் ஸ்பார்க் பிளக், செயின், எஞ்சின் ஆயில் என்று ஒவ்வொன்றாக ஏறி வந்தேன். எனக்கு நானே ஒரு வரிசை வைத்துக்கொண்டேன்: தப்பானால் வண்டி ஓடாது என்கிற வேலைகள் முதலில், தப்பானால் வண்டி நிற்காது என்கிற வேலைகள் கடைசியில். பிரேக்கை இன்னும் தொடாததற்கு அதுதான் காரணம். டேப்பட் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்காருகிறது. தப்பாக வைத்தால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வால்வு கருகும். அதனால்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்.

தள்ளிப்போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் சத்தமே போடவில்லை. முன்பு கேட்ட லேசான டிக் டிக் கூடக் குறைந்து அமைதியாக இருந்தது. டேப்பட் என்றால் சத்தம் வந்த பிறகு பார்க்கிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அப்போது வால்வுத் தண்டின் நுனி ராக்கர் பக்கம் மேலே வரும், இடைவெளி குறையும், சத்தமும் குறையும். முழுக்கக் குறைந்துவிட்டால், எஞ்சின் சூடாகித் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கையில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. உட்காரவே முடியாவிட்டால் ஓரம் கருகத்தான் செய்யும். அதற்கு அதிக இடைவெளி கொடுத்திருப்பதும் அது இன்லெட்டைவிட அதிகம் சூடாவதால்தான். இது புரிந்த அன்றைக்கே பயம் இடம் மாறிவிட்டது. கை வைப்பதைவிடக் கை வைக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து என்று தெரிந்தது.

முதல் முயற்சி.

இரவு முழுக்க நின்ற எஞ்சின். டேங்க் கழற்றி, பிளக் எடுத்து, இரண்டு டேப்பட் மூடியையும் திறந்து, பக்க மூடி வழியாகக் கிராங்க் நட்டில் சாக்கெட் போட்டுச் சுற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியைக் கோட்டோடு சேர்த்தேன். இரண்டு ராக்கரும் இறுக்கமாக இருந்தன, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் 0.05 தகடுகூட நுழையவில்லை. ஆஹா, இதுதான் நோய் என்று லாக் நட்டைத் தளர்த்தி எக்ஸாஸ்ட் ஸ்குரூவைப் பின்னால் திருப்பினேன். அது கனமாகச் சுற்றியது. முக்கால் சுற்றுக்கும் மேல் திருப்பிய பிறகுதான் 0.12 நுழைந்தது. இன்லெட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். எல்லாம் மூடி ஸ்டார்ட் செய்தேன். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அந்தச் சத்தம். மூன்று வினாடியில் அணைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிராங்க் இரண்டு முறை சுற்றும், 'டி' குறியும் இரண்டு முறை வரும். ஒன்று கம்ப்ரஷன் முடிவு, இரண்டு வால்வும் மூடியிருக்கும், அளக்க வேண்டியது அங்கேதான். இன்னொன்று எக்ஸாஸ்ட் முடிவு, நான் அளந்தது அங்கே. எக்ஸாஸ்ட் முடிவில் ஒரு வால்வு மூடிக்கொண்டிருக்கும், மற்றது திறக்கத் தொடங்கியிருக்கும், இரண்டுமே லேசாக அழுந்தியிருக்கும். அங்கே அளந்தால் இறுக்கமாகத்தானே இருக்கும்! ஸ்குரூ கனமாகச் சுற்றியதே, அது வால்வு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு. சரியான இடத்தில் இருந்தால் லாக் நட் தளர்ந்ததும் ஸ்குரூ விரலுக்கே சுற்றும். அந்த ஒரு அறிகுறி எனக்கு அப்போது தெரிந்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

இப்போது 'டி' குறி வந்ததும் தகட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு ராக்கரையும் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கிறேன். இரண்டும் மெல்லிய டிக் சத்தத்தோடு அசைய வேண்டும். அசையவில்லை என்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று, மறுபடி பார்வை. இடைவெளி நிஜமாகவே பூச்சியமாகிவிட்ட வண்டியில் சரியான இடத்திலும் ராக்கர் அசையாது. அதனால் சுற்றும்போதே இன்லெட் ராக்கர் மேல் ஒரு கண் வைக்கிறேன். அது அழுந்தி, மேலே எழுந்து, அதற்குப் பிறகு வரும் 'டி' குறிதான் நமக்கு வேண்டியது. குறியைத் தாண்டிவிட்டால் நான் பின்னால் திருப்புவதில்லை, இரண்டு சுற்று முன்னாலேயே போய் மறுபடி பிடிக்கிறேன்.

ஒரு வருத்தம் மட்டும் தங்கிவிட்டது. கை வைப்பதற்கு முன் இருந்த உண்மையான இடைவெளி எனக்குத் தெரியாமலே போய்விட்டது. கம்ப்ரஷன் முடிவில் அளந்து எழுதிவைத்த பிறகு ஸ்குரூவைத் தொட்டிருக்க வேண்டும். 24,000 கி.மீ.க்கு எவ்வளவு குறைந்தது என்று தெரிந்திருந்தால், அடுத்து எப்போது பார்ப்பது என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

இரண்டாவது முயற்சி. இந்த முறை இடம் சரி. ராக்கர் அசைந்தது, ஸ்குரூ விரலுக்குச் சுற்றியது, தகடு அழகாக உரசிக்கொண்டு போய் வந்தது. லாக் நட்டை இறுக்கினேன். மறுபடி தகட்டை விட்டால், நுழையவில்லை. தளர்த்தி மறுபடி வைத்தேன், இறுக்கினேன், இப்போது தொளதொள. இப்படியே ஒரு மணி நேரம், ஒன்பது முறை.

இந்த லாக் நட்டைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ஸ்குரூவில் மரை இடைவெளி 0.5 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. என்றால் 36 டிகிரிக்கு 0.05, வெறும் ஏழு டிகிரிக்கு 0.01. கடிகாரத்தில் நொடி முள் ஒரு நொடிக்கு நகர்வது ஆறு டிகிரி. அவ்வளவு சின்ன அசைவுதான் நமக்கும் கையேட்டு எண்ணுக்கும் நடுவில் நிற்கிறது. நட்டை இறுக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஸ்குரூவைக் கெட்டியாகப் பிடிக்காவிட்டால் அது நட்டோடு சேர்ந்து கீழே இறங்கும், இடைவெளி குறையும். கெட்டியாகப் பிடித்தால், நட் மரையில் இருக்கும் தளர்வை எடுத்துவிட்டு ஸ்குரூவை ஒரு மயிரிழை மேலே இழுக்கும், இடைவெளி கூடும். ஒன்பது முறையும் விடை மாறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், என் பிடி ஒவ்வொரு முறையும் வேறாக இருந்ததுதான்.

தீர்வு இரண்டு பாகமாக வந்தது. முதலாவது, கருவி. என் ஸ்குரூவின் தலை 3 மி.மீ. சதுரம், நட் 9 மி.மீ. அதுவரை குறடால் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சதுரத்துக்கென்றே சாவி உண்டு, கைக்கு அடங்கும் அளவில். அதை வாங்கிய பிறகுதான் பிடி ஒரே மாதிரி நின்றது. குறடால் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள், சதுரத்தின் மூலை உருண்டுவிட்டால் பிறகு எதுவும் பிடிக்காது. இரண்டாவது, நட்டை முழுக்கத் தளர்த்தி வைத்து அளக்காமல், ஸ்குரூ கொஞ்சம் சிரமப்பட்டுச் சுற்றும் அளவுக்கு நட்டை லேசாகக் கடிக்க வைத்து அளப்பது. மரையின் தளர்வு அங்கேயே பாதி போய்விடும். அதோடு இலக்கைவிட 0.01 குறைவாக வைத்து இறுக்குகிறேன், கூடுவது கூடி இலக்கில் வந்து நிற்கிறது.

ஃபீலர் கேஜ் விஷயத்தில் எனக்குக் கோபமே இருக்கிறது. எங்கே பார்த்தாலும் 'லேசான உரசல் இருக்க வேண்டும்' என்றுதான் சொல்கிறார்கள். லேசு என்றால் எவ்வளவு? முதல்முறை செய்பவன் கைக்கு எப்படித் தெரியும்? நான் உரசலை விட்டுவிட்டு இரண்டு தகடாகப் பார்க்கத் தொடங்கினேன். இன்லெட்டில் 0.08 நுழைய வேண்டும், 0.09 நுழையக் கூடாது. எக்ஸாஸ்ட்டில் 0.12 நுழைய வேண்டும், 0.13 நுழையக் கூடாது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான்கைந்து முறை இப்படிச் செய்த பிறகு, அந்த 'லேசான உரசல்' என்னவென்று கைக்குத் தானாகவே தெரிந்துவிட்டது.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். பல செட்டுகளில் 0.10-க்கு அடுத்து நேராக 0.15-க்குத் தாவிவிடும், 0.12 இருக்காது. 0.05-ஐயும் 0.07-ஐயும் சேர்த்து வைக்கலாம், ஆனால் நடுவில் ஆயில் படலமோ தூசியோ இருந்தால் கணக்கு கெடும். எனக்கு வேண்டிய எண்கள் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்து இரண்டாவது செட் வாங்கினேன், நுனி வளைந்த தகடுகள் உள்ளது. நேர்த் தகட்டை அந்தச் சின்னத் துளைக்குள் வளைத்து நுழைத்தபோது என் பழைய 0.08-ல் மடிப்பு விழுந்துவிட்டது. மடிப்பு விழுந்த தகடு தன் தடிமனைவிட அதிகமாகக் காட்டும், அதை நம்பி வைத்தால் இடைவெளி கூடிவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

இன்னொரு பயிற்சியையும் சொல்ல வேண்டும், எனக்குத் தைரியம் வந்தது உண்மையில் இதில்தான். முன்பொரு முறை 6 மி.மீ. போல்ட் ஒன்றை அளவுக்கு மீறி இறுக்கி, அலுமினிய மரை பொடியாக வெளியே வந்திருக்கிறது. அன்றிலிருந்து எதை இறுக்கினாலும் கை நடுங்கும். அதனால் ஒரு பழைய 6 மி.மீ. போல்ட்டையும் நட்டையும் வைஸில் பிடித்து, சின்ன டார்க் ரெஞ்சை (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர்) 10 நியூட்டன் மீட்டரில் வைத்துக் கிளிக் கேட்கும்வரை இறுக்கினேன். தளர்த்திவிட்டு, அதே போல்ட்டைச் சாதாரண ரிங் ஸ்பேனரால் 'இவ்வளவுதான்' என்று தோன்றும்வரை இறுக்கி, மறுபடி டார்க் ரெஞ்சால் சோதித்தேன். முதல் பத்து முறையும் நான் அதிகமாகவே இறுக்கியிருந்தேன், ரெஞ்ச் அசையக்கூட இல்லை, நேராகக் கிளிக். இருபதாவது முறை வாக்கில் கை பழகிவிட்டது. 10 நியூட்டன் மீட்டர் எவ்வளவு கொஞ்சம் என்பது கைக்குத் தெரிந்த பிறகு நடுக்கம் போய்விட்டது. பெரிய ரெஞ்சை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கிளிக் வகை ரெஞ்சுகளை அவற்றின் அளவின் அடிமட்டத்தில் நம்ப முடியாது, 5 முதல் 25 வரை உள்ள சின்னது தனியாக வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் குறைந்தபட்ச அளவுக்குத் தளர்த்தி வைக்க மறக்காதீர்கள்.

மூன்றாவது முயற்சியில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதுவே எனக்குப் பெருமை. நாற்பது நிமிடம். இறுக்கியதும் கிராங்கை இரண்டு சுற்று விட்டு மறுபடி அளந்தேன், இன்லெட் 0.08, எக்ஸாஸ்ட் 0.12. இன்னும் இரண்டு சுற்று, அதே எண்கள். பிளக் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தியபோதே வித்தியாசம் தெரிந்தது. கம்ப்ரஷன் காலுக்கு எதிராக நின்றது, முன்பு அது வழுக்கிக்கொண்டு போகும். இப்போது எஞ்சினில் லேசான, சீரான டிக் டிக் கேட்கிறது. நல்ல சத்தம்!

வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. எக்ஸாஸ்ட் பக்க மூடியின் ஓ ரிங் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தட்டையாகிப் போயிருக்கிறது, ஓட்டி வந்த பிறகு விளிம்பில் ஆயில் வியர்த்து நிற்கிறது. மூடியை இன்னும் இறுக்கி அதை அடக்க நான் முயலவில்லை. இரண்டு மூடிக்கும் புது ஓ ரிங் சொல்லியிருக்கிறேன், வந்ததும் எஞ்சின் குளிர்ந்த ஒரு காலையில் மாற்றிவிட்டு, மூடி திறந்திருக்கும்போதே இடைவெளியை இன்னொரு முறை அளப்பேன். அதற்குள் முன்பக்க பிரேக் காலிப்பர் பற்றிப் படிக்கத் தொடங்கிவிட்டேன். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதுவரை வந்திருக்கிறேன். அதற்கு அவசரமே இல்லை.

நோட்டில் நேற்றைய தேதி, 24,310 கி.மீ., இன்லெட் 0.08, எக்ஸாஸ்ட் 0.12 என்று எழுதியாகிவிட்டது. அதற்கு அடுத்த வரி 25,300-க்குக் காலியாக இருக்கிறது.