மகளுக்கு 15 வயது ஆவதற்குள்

சித்திக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாரே தவிர, யாரிடமும் வாய் திறக்கவில்லை. டாக்டரிடம் போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. 52 வயதில் போய்விட்டார்.

2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதற்கான தடுப்பூசியை ஊக்குவிப்போம் என்று நிதியமைச்சர் சொன்னார். டிவியில் கேட்டதும் சித்தி முகம்தான் கண்முன் வந்தது. என் மகளுக்கு ஜூன் வந்தால் 15.

நல்லவேளை, அப்போதே டாக்டரைப் பார்த்தோம். 15 ஆவதற்குள் முதல் ஊசி போட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து இன்னொன்று, அவ்வளவுதான். தாண்டிவிட்டால் மூன்று என்றார். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் போடலாம் என்று முடிவு செய்தோம்; எங்களுக்கு ஒரு டோஸ் 2000 ரூபாய் ஆனது. அது தடுக்கும் நாலு வகை ஹெச்பிவி கிருமியில் 16, 18 என்ற இரண்டும்தான் இந்தப் புற்றுநோயில் பத்துக்கு ஏழுக்குக் காரணமாம்.

வீட்டில் மாமியார் பிடி கொடுக்கவில்லை. "வயசுக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. புள்ளைக்கு இப்பவே எதுக்கும்மா கர்ப்பப்பை ஊசி? வெளிய தெரிஞ்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. "உடலுறவு மூலமா பரவுற கிருமிதான் அத்தை. ஆனா புருஷன் ஒருத்தரோடயே வாழ்ந்தவங்களுக்கும் வரும். எங்க சித்திக்கு வரலையா? கிருமி ஒட்டுறதுக்கு முன்னாடி போட்டாத்தான் முழுப் பலன். அதான் இந்த வயசுல."

பதிலே இல்லை. மறுநாள் காலை அடுப்படியில், "சாப்பிட்டுட்டுப் போகணுமா, வெறும் வயித்துலயா?" என்று கேட்டார். அன்று நான் பட்ட நிம்மதி!

ஏப்ரல் வெயிலில் ஒரு தப்பு நடந்தது. மருந்துக்கடையில் ஊசி மருந்தைச் சாதாரணக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போட மறுத்தார். 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டுமாம். 2000 ரூபாய் வீண். மறுமுறை ஐஸ் பேக் வைத்த தெர்மோகோல் பெட்டியோடு போனேன். முடிந்தால் கிளினிக்கிலேயே இருப்பு வைத்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

இடது புஜத்தில் ஊசி. சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும் என்பதால் கால்மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் கைவலி, வேறொன்றும் இல்லை. "தம்பிக்கு?" என்று கேட்டாள் மகள். ஆண்களுக்கும் இந்தக் கிருமியால் தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய் வரலாம். பையன்களுக்கும் போடலாம் என்றார் டாக்டர். அவனுக்கு 12. அடுத்து அவன்தான்.

ஊசி போட்டவர்களும் வயது வந்தபின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னவர், "நீங்க பாப் ஸ்மியர் எடுத்திருக்கீங்களா?" என்று என் பக்கம் திரும்பினார். கர்ப்பப்பை வாயில் லேசாகச் சுரண்டி எடுத்து, புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. எனக்கு 42 வயதாகிறது, ஒருமுறைகூட எடுத்ததில்லை. அக்டோபரில் மகளின் இரண்டாவது ஊசியன்று, சித்தி மகளையும் அழைத்துக்கொண்டு போய் எடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "இவ்வளவுதானாக்கா? அம்மா இத ஒருதடவ எடுத்திருந்தா..."