கடிதத்தில் இருந்த தொகையும் கைக்கு வந்த தொகையும்: ஐ.நா. பி-2 பணியில் நான் கற்றுக்கொண்ட கணக்கு

வியன்னாவிலுள்ள ஓர் ஐ.நா. அலுவலகத்திலிருந்து பி-2 நிலைப் பணிக்கான (சர்வதேசத் தொழில்முறைப் பணியின் தொடக்க நிலைகளில் ஒன்று) கடிதம் வந்த அன்று நான் வாலாஜாபேட்டையில் எங்கள் வீட்டில் இருந்தேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாசம் கையிலே எவ்வளவுப்பா வரும்?" என்பதுதான். மொத்த ஊதியம், நிகர ஊதியம், அதற்கு மேல் ஒரு சரிக்கட்டுத் தொகை என்று கடிதத்தில் மூன்று எண்கள் இருந்தன; எதைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. நம் பக்கத்திலிருந்து இப்பணிகளுக்கு விண்ணப்பிப்போருக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இந்த ஊதிய முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. உலகின் எந்த நாட்டவரும் இப்பணிக்கு வர விரும்ப வேண்டுமானால், மிக அதிகம் ஊதியம் தரும் அரசுப் பணியை ஒப்பிட்டே சம்பளத்தை வகுக்க வேண்டும் என்று ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் காலத்திலேயே, 1921-இல், நோபில்மேர் கோட்பாடு உருவாயிற்று. இன்று அந்த ஒப்பீட்டுக்கு அமெரிக்க மத்திய அரசுப் பணியை எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கைக் கவனிப்பது, 1974-இல் ஐ.நா. பொதுச்சபை அமைத்த சர்வதேசக் குடிமைப் பணி ஆணையம். ஆகவே ஒரே நிலையில், அதற்குள் ஒரே ஊதியப் படியில் (ஸ்டெப்) இருக்கும் வாலாஜாபேட்டைக்காரனுக்கும் சுவிட்சர்லாந்துக்காரருக்கும் அடிப்படை ஊதியம் ஒன்றே.

மொத்த ஊதியத்திலிருந்து 'ஸ்டாஃப் அசெஸ்மென்ட்' என்ற உள்வரியைக் கழித்தால் நிகர ஊதியம் வரும். முதல் 50,000 டாலருக்கு 17 விழுக்காடு, அடுத்த 50,000 டாலருக்கு 24 விழுக்காடு என்று அது ஏறிச் செல்லும். கணக்குக்காக மொத்தம் 60,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் கழிவு 10,900, நிகரம் 49,100. இதன்மேல் அந்தந்த ஊரின் விலைவாசிக்கேற்பப் 'போஸ்ட் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற அந்தச் சரிக்கட்டுத் தொகை சேரும். நியூயார்க் நகரை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெருக்கெண் தருகிறார்கள். அதில் ஒரு புள்ளி என்பது நிகர ஊதியத்தில் ஒரு விழுக்காடு. பெருக்கெண் 40 என்றால் 19,640 டாலர் கூடி, ஆண்டுக்கு 68,740 ஆகும். எனக்குச் சம்பளம் யூரோவில் வருகிறது. டாலருக்கும் யூரோவுக்குமான மாற்று விகிதம் நகரும்போது பெருக்கெண்ணும் நகரும். மூன்றாம் மாதம் பெருக்கெண் இறங்கியதைக் கண்டு சம்பளத்தைக் குறைத்துவிட்டார்களோ என்று கலங்கினேன்; யூரோவில் பார்த்தபோது ஏறத்தாழ அதே தொகைதான் வந்திருந்தது.

முதல் சம்பளச் சீட்டில் என்னை அதிகம் குழப்பியது ஓய்வூதியப் பிடித்தம். சென்னையில் வேலை பார்த்தபோது வருங்கால வைப்பு நிதிக்கு நானும் நிறுவனமும் 12 விழுக்காடு என்று சமமாகச் செலுத்தியது பழக்கமாகியிருந்தது. இங்கே ஊழியர் 7.9 விழுக்காடு, அமைப்பு அதைப்போல் இரு மடங்காக 15.8 விழுக்காடு. ஆனால் அந்த 7.9 விழுக்காட்டை நிகர ஊதியத்தின் மேல் கணக்கிடுவதில்லை. ஓய்வூதியத்துக்கென்றே தனியாக வகுத்த, அதைவிடப் பெரிய ஒரு தொகையின் மேல் கணக்கிடுகிறார்கள். நான் போட்டு வைத்திருந்த வீட்டுக் கணக்கு அதனால்தான் தவறியது. ஐந்தாண்டு நிறைவதற்குள் வெளியேறினால் நாம் செலுத்தியது வட்டியுடன் திரும்பும். அமைப்பு செலுத்தியது வராது. குறுகிய காலத்துக்கு மட்டும் போக நினைப்பவர்கள் அந்த இரு மடங்கை வரவில் சேர்க்காமல் முடிவெடுப்பது நல்லது.

குடியேற்ற உதவித்தொகை நல்ல ஏற்பாடு: முப்பது நாள் தினப்படி, அதனுடன் ஒரு மாத ஊதியம். ஆனால் அது வந்து சேரும்வரை சமாளிக்கக் கையில் பணம் வேண்டும். வியன்னாவில் வீட்டுக்கு மூன்று மாத வாடகையை வைப்புத்தொகையாகக் கேட்டார்கள். எனக்கு உதவித்தொகை வருவதற்குள் இரண்டாம் மாதம் பிறந்துவிட்டது. அம்மா வேலூரில் வளையலை அடகு வைத்து அனுப்பிய பணத்தில்தான் வீட்டுச் சாவி கைக்கு வந்தது. இதை முன்பே விசாரித்திருந்தால் வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்திருப்பேன். இன்றும் அது எனக்கு வருத்தமே.

மணமானவர்களுக்கு, சார்ந்து வாழும் துணைவருக்காக, நிகர ஊதியமும் சரிக்கட்டும் சேர்ந்த தொகையில் 6 விழுக்காடு கிடைக்கும். நான் மணமாகாதவன் என்பதால் அம்மாவை இரண்டாம்நிலைச் சார்ந்தோராகப் பதிய விண்ணப்பித்தேன். அவருடைய செலவில் பாதிக்குக் குறையாமல் நான் தாங்குகிறேன் என்று காட்ட வேண்டும். கையில் கொடுத்த பணத்துக்குச் சான்று இல்லை, வங்கி வழியே அனுப்பியது மட்டுமே கணக்கில் வந்தது. அதைவிட ஆவணங்களே பெரும்பாடாயின. 1993-இல் பதிந்த என் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பள்ளிச் சான்றிதழில் வேலூர் மாவட்டம், ஆதாரில் இராணிப்பேட்டை மாவட்டம். மூன்று முறை இடம்பெயர்ந்தீர்களா என்று கேட்டு எழுதினார்கள். பழைய வட ஆற்காடு 1989-இல் பிரிந்ததையும், எங்கள் பகுதியான வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் பின்னர் வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியதையும், அந்த வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானதையும், நாங்கள் அதே தெருவில் இருந்ததையும் விளக்கி ஒரு பக்கக் கடிதமும் அரசாணை நகலும் அனுப்பினேன். முன்னெழுத்தை விரித்ததால் அப்பா பெயரே என் குடும்பப் பெயராகிவிட்டது. அம்மாவின் பெயரோடு அது ஒட்டவில்லை. பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் இருந்ததால் தப்பித்தேன். உங்கள் சான்றிதழில் அது இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அம்மாவுக்கான சார்ந்தோர் படித்தொகை அனுமதியாயிற்று, தொகை சிறியது. பயணச் செலவு உரிமை துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே உண்டு, பெற்றோருக்கு இல்லை. "அப்போ நான் வர முடியாதா?" என்று அம்மா கேட்டதற்கு, என் பணத்தில் அழைத்துப் போகிறேன் என்றேன்.

கையொப்பமிடும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த ஊதியப் படியில் சேர்க்கிறார்கள் என்பது. ஏழாம் படிவரை ஆண்டுக்கு ஒரு படி, அதன்பின் இரண்டாண்டுக்கு ஒன்று. தொடக்கத்தில் விட்ட படி பின்னாலும் தொடரும். முன் அனுபவச் சான்றுகள் எல்லாவற்றையும் நான் அப்போதே அனுப்பவில்லை, பிறகு கேட்டபோது முடிந்துபோன விஷயம் என்றார்கள்.

தாயக விடுப்பு இருபத்துநான்கு மாதங்களுக்கு ஒருமுறை. திரும்பியபின் ஆறு மாதமாவது பணி மீதமிருக்க வேண்டும். என்னுடையது குறித்த கால நியமனம், புதுப்பிப்பார்கள் என்ற உறுதி விதியிலேயே இல்லை. சென்ற மாதம் நீட்டிப்புக் கடிதம் வந்தது. சித்திரையில் வாலாஜாபேட்டைக்கு வருகிறேன். அம்மாவின் வளையலை மீட்பதற்கான பணம் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.