ஃபிரேம் அளவும் ஸ்டெம் நீளமும்: ரோடு பைக் வாங்குமுன் அளக்க வேண்டியவை

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி இரண்டு ரோடு பைக்குகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, எனக்கு 170 உயரமுங்க. இதுல 52 எடுக்கறதுங்களா, 54 எடுக்கறதுங்களா?" என்று கேட்டிருந்தார். கோவை, திருப்பூர், ஈரோடு என எங்கும் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பெருகிவரும் இந்நாளில் இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது. அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். உயரத்தையும் ஃபிரேம் எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே அந்தப் பதிலின் முதல் வரி.

திருப்பூர் பனியனில் 90 என்று போட்டிருந்தால், எந்தக் கம்பெனி தைத்ததாக இருந்தாலும் அது மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறிக்கும். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் 54 என்ற எண்ணுக்கு அப்படி ஒரு நிலையான பொருள் இன்று கிடையாது. மேல் குழாய் தரைக்கு இணையாகக் கிடந்த பழைய ஸ்டீல் ஃபிரேம்களில் அந்த எண் சீட் குழாயின் நீளத்தைக் குறித்தது. அதையும் சிலர் பெடல் தண்டுகளை இணைக்கும் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து மேல் குழாயின் மையம் வரையிலும், சிலர் சீட் குழாயின் உச்சி வரையிலும் அளந்தார்கள். 1990-களில் மைக் பர்ரோஸ் ஜெயண்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த டிசிஆர் போன்ற வண்டிகளால், பின்பக்கமாகச் சரிந்த மேல் குழாய் பரவலாகிவிட்டது. அதன்பின் சீட் குழாயின் நீளத்தைக் கொண்டு வண்டி நமக்குப் பொருந்துமா என்று கணிப்பதில் பெரிதாகப் பயனில்லை. நின்றுகொண்டு கால்களுக்கிடையே மேல் குழாய் இடிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையும் இதே காரணத்தால் மதிப்பிழந்துவிட்டது. சரிந்த குழாய் உள்ள ஃபிரேம், நீளத்தில் உங்களுக்கு மிகப் பெரியதாக இருந்தாலும், அந்தச் சோதனையில் தேறிவிடும்.

இன்று பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து, முன் ஃபோர்க் நுழையும் ஹெட் குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். அதே மையத்துக்கு மேலே ஒரு தூக்குக்குண்டுக் கோடு இழுத்தால், அந்தக் கோட்டிலிருந்து ஹெட் குழாயின் உச்சி எவ்வளவு முன்னே தள்ளியிருக்கிறது என்பது ரீச். ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் இவ்விரண்டையும் தம் இணையதள அட்டவணையில் தருகின்றன. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு அட்டவணை கிடைக்காமல் போகலாம். அவர்கள் வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். சமதளமான தரையில் பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நேராக நிறுத்தி, சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையம் வரையுள்ள தூரத்தையும், சுவரிலிருந்து ஹெட் குழாய் உச்சியின் மையம் வரையுள்ள தூரத்தையும் தரைக்கு இணையாக அளந்து, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் ரீச் வந்துவிடும். தரையிலிருந்து இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாடு ஸ்டேக். இரண்டு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் கையிலிருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு ஃபிரேம்களை ஒப்பிடும்போது ரீச்சை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஹெட் குழாய் நிமிர்ந்து நிற்பதில்லை. பெரும்பாலான ரோடு பைக்குகளில் 73 டிகிரியை ஒட்டிப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகவே ஹேண்டில்பாரை மேலே ஏற்றும்போதெல்லாம் அது நம்மை நோக்கிக் கொஞ்சம் வருகிறது: ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் தண்டான ஸ்டெம்முக்கு அடியில் 10 மி.மீ. ஸ்பேசர் வளையம் சேர்த்தால் ஏறத்தாழ 3 மி.மீ. பின்னே வரும். ஒரு ஃபிரேம் ஸ்டேக் 540, ரீச் 380 என்றும், மற்றது ஸ்டேக் 560, ரீச் 385 என்றும் வைத்துக்கொள்வோம். பார்வைக்கு வேறுபாடு 5 மி.மீ. மட்டுமே. ஆனால் முதல் ஃபிரேமில் ஸ்பேசர் போட்டு இரண்டாவதின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் அதன் ரீச் 374 ஆகச் சுருங்கிவிடும். உண்மையான வேறுபாடு 11 மி.மீ., அதாவது ஒரு ஸ்டெம் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள 10 மி.மீ. வேறுபாட்டைவிடச் சற்று மேல்.

இவ்வளவும் ஃபிரேமைப் பற்றியது. நம் உடம்பைப் பொறுத்தவரை தொடங்க வேண்டிய இடம் உயரம் அன்று, உள்கால் நீளம். செருப்பில்லாமல் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, பாதங்களை ஒரு சாண் இடைவெளியில் வைத்து, கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கால்களுக்கிடையே சீட் அழுத்துவதுபோல் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதே உள்கால் நீளம். புத்தகம் சுவருக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று வேறொருவர் பார்த்துச் சொன்னால் பிழை குறையும். இந்த நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வைக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரோடு வழங்கும் கணக்கு இது. 78 செ.மீ. உள்கால் என்றால் 68.9 செ.மீ. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. பெடல் தண்டான கிராங்கின் நீளம், ஷூ அடியின் கனம், தொடையின் பின்தசை எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்பவற்றைப் பொறுத்து ஒரு சென்டிமீட்டர் முன்பின் ஆகலாம்.

சீட்டின் உயரத்துக்குப் பிறகு சீட் எவ்வளவு பின்னே இருக்க வேண்டும் என்பதைத் தீர்க்க வேண்டும். இதைப் பெடல் மிதிப்பதற்கு ஏற்பவும், இடுப்பின் சமநிலைக்கு ஏற்பவும் முடிவு செய்ய வேண்டுமே தவிர, ஹேண்டில்பார் எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னே தள்ளக் கூடாது. தள்ளினால் உடம்பின் பாரம் கைகளின் மேல் இறங்கி, உள்ளங்கை மரத்துப்போகும்; மரத்துப்போவதற்கு நீளமான ஸ்டெம்தான் காரணம் என்று எண்ணி அதையும் குட்டையாக்கிக்கொண்டு, கடைசியில் இரண்டும் கெட்ட நிலையில் வந்து நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். கை மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் முதலில் ரசமட்டத்தைச் சீட்டின் மேல்தான் வைக்க வேண்டும்.

சீட் நிலைபெற்றபின் எஞ்சுவது சீட்டுக்கும் கை பிடிக்கும் இடத்துக்கும் உள்ள தூரமும் இறக்கமும். ஸ்டெம்மின் வேலை இங்கேதான் வருகிறது. என் கருத்து ஒன்றுதான்: 90, 100, 110 மி.மீ. ஸ்டெம்களுள் ஒன்றை, 20 மி.மீ. அளவுக்குள் ஸ்பேசருடன் போட்டு வசதியாக உட்கார முடிகிற ஃபிரேமே உங்கள் ஃபிரேம். 60 மி.மீ. ஸ்டெம் போட்டால்தான் கை எட்டும் என்றால் ஃபிரேம் பெரிது. 130 போட்டும் முழங்கை கால்முட்டியை இடிக்கிறது என்றால் ஃபிரேம் சிறிது. மிகச் சிறிய அளவு ஃபிரேம்களுக்கு மட்டும் இதில் சற்று விலக்குத் தரலாம். அவற்றில் 80 மி.மீ. ஸ்டெம் இயல்பானதே. அந்த அளவில் வாங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், வேறொன்றையும் பார்க்க வேண்டும்: கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி ஹேண்டிலைத் திருப்பினால் ஷூவின் முனை முன்சக்கரத்தில் இடிக்கலாம். வேகமாகப் போகும்போது அது தொந்தரவு செய்யாது. சிக்னலில் மெல்லத் திரும்பும்போது கீழே தள்ளிவிடும்.

கையிருப்பில் உள்ள அளவைத் தள்ளிவிட நினைக்கும் விற்பனையாளர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஸ்டெம் மாத்திக்கலாமுங்க." மாற்றிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே ரீச் மட்டுமல்ல, ஸ்டேக்கும் பொதுவாக 15 முதல் 20 மி.மீ. வரை மாறுகிறது, ஸ்டெம்மை மாற்றினால் நீளம் சரியாகும், உயரம் தானாகச் சரியாகாது. பெரிய ஃபிரேமில் மிகக் குட்டையான ஸ்டெம்மைப் போட்டால், முன்சக்கரத்தின் மேல் விழும் பாரம் குறைந்து, கை லேசாக அசைந்தாலே வண்டி திரும்பும். இதைச் சமவெளியில் பொறுத்துக்கொள்ளலாம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பொறுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு அளவுகளுக்கு நடுவே நிற்பவர்களுக்கு, "சந்தேகமாக இருந்தால் சின்னதை எடு" என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். பந்தய வீரர்களுக்கு அது பொருந்தும். அவர்கள் ஹேண்டில்பாரைச் சீட்டுக்கு வெகு கீழே வைத்து மணிக்கணக்கில் குனிந்திருக்கப் பழகியவர்கள். மற்றவர்களுக்குக் கால் நீளமா, உடல் நீளமா என்பதே தீர்மானிக்க வேண்டும். கால் நீண்டு உடல் குட்டையாக இருப்பவருக்குச் சீட் உயரமாக ஏறும், ஆனால் கை எட்டும் தூரம் குறைவு. அவர் பெரிய அளவை எடுத்துச் சற்றுக் குட்டையான ஸ்டெம் போடலாம், அல்லது எண்டூரன்ஸ் வகை என்று விற்கப்படும், ஸ்டேக் கூடுதலான ஃபிரேமைப் பார்க்கலாம். உடல் நீண்டவர் சிறிய அளவும் நீளமான ஸ்டெம்மும் எடுக்கலாம். 170 செ.மீ. உயரமுள்ள இருவர் ஒரே கடையில் வெவ்வேறு அளவுகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் இருவருமே சரியாக வாங்கியிருக்கக் கூடும்.

எவ்வளவு குனிய வேண்டும் என்பதை நாம் ஓட்டும் சாலையும் சொல்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று ஆனியிலும் ஆடியிலும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்பது அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். அந்தக் காற்றை எதிர்த்து மேற்கே ஓட்டுகிறவருக்கு ஹேண்டில்பாரின் கீழ் வளைவான ட்ராப்ஸைப் பிடித்துக் குனிந்திருப்பதுதான் ஒரே வழி. ஆனால் பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்று ஸ்பேசரையெல்லாம் எடுத்துவிட்டு ஹேண்டில்பாரைத் தாழ்த்தியவர்கள் பெரும்பாலும் ட்ராப்ஸைத் தொடுவதே இல்லை. எட்டாது, எட்டினாலும் கழுத்து வலிக்கும். ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து ட்ராப்ஸில் பத்து நிமிடம் நிலையாக ஓட்டுகிறவர், தாழ்த்தி வைத்து மேலே பிடித்து நிமிர்ந்து உட்காருகிறவரைவிடக் காற்றில் வேகமாகப் போவார். 200 கி.மீ. பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டத்தை 13 மணி 30 நிமிட வரம்புக்குள் முடிக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போதோ, கைகள் பெரும்பாலும் ஹேண்டில்பாரின் மேல் நேர்ப்பகுதியில் இருக்கும்; அங்கே தாழ்ந்த ஹேண்டில்பாரால் ஒரு பயனும் இல்லை.

பிரேக் லீவரின் மேலுறையான ஹூடைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது முன்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை ஹேண்டில்பார் மறைத்தால் ஸ்டெம் நீளம் சரி என்று ஒரு பழைய விதி உலவுகிறது. ஹெட் குழாயின் சாய்வும் ஃபோர்க்கின் வளைவும் வண்டிக்கு வண்டி மாறுவதால் அதை நம்ப வேண்டியதில்லை. ஓட்டும்போது உங்கள் கை தானாக எங்கே போய் அமர்கிறது என்பதே மேலான சாட்சி. ஹூடைவிட்டு அடிக்கடி பின்னே நேர்ப்பகுதிக்கு வந்துகொண்டிருந்தால் நீளம் அதிகம். ஹூடின் முனைக் கொம்பைப் பிடித்து மேலும் முன்னே நீட்ட முயன்றுகொண்டிருந்தால் நீளம் போதவில்லை.

ஸ்டெம் வாங்குவதற்கு முன் செலவில்லாத வழிகளைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்டெம்களைத் தலைகீழாகத் திருப்பிப் போட முடியும். 100 மி.மீ. நீளமும் 6 டிகிரி கோணமும் உள்ள ஸ்டெம்மைத் திருப்பினால் ஹேண்டில்பார் ஏறத்தாழ 20 மி.மீ. உயரும், 6 மி.மீ. பின்னே வரும். புதிதாக வாங்குவதென்றால் 10 மி.மீ. மட்டும் மாற்றி, மற்ற எதையும் தொடாமல் சில வாரங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இடத்தின் விட்டம் இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் 31.8 மி.மீ.; பழைய வண்டிகளில் 26 அல்லது 25.4 ஆக இருக்கலாம் என்பதால் அளந்து வாங்குங்கள். பீளமேட்டிலும் கணபதியிலும் எந்தப் பாகத்தைக் கொடுத்தாலும் லேத்தில் கடைந்து தருவார்கள் என்பது நம் ஊரின் பெருமை. ஆனால் உடைந்தால் முகத்தோடு தரையில் விழவைக்கும் பாகம் என்பதால் ஸ்டெம்மை மட்டும் அங்கே செய்யச் சொல்லாதீர்கள். ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒரே துண்டாக வார்த்து, பிரேக் குழாயை உள்ளே ஓட்டிய வண்டிகளை வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே ஸ்டெம் நீளத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்; பின்னால் மாற்றுவது பர்ஸுக்கும் மெக்கானிக்குக்கும் பெரிய வேலை.

மாட்டும்போது முதலில் மேல்மூடி போல்ட்டை, ஹெட் குழாயின் பேரிங்கான ஹெட்செட்டின் ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் முறுக்கி, ஸ்டெம்மை முன்சக்கரத்துக்கு நேராக்கி, பிறகே பக்க போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் முகப்புத் தகட்டின் நான்கு போல்ட்டுகளைக் குறுக்காக மாறி மாறி, தகட்டின் மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கும்படி, ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு (பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்) முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஃபோர்க் குழாய் நீளமாக இருப்பது அழகாக இல்லை என்று கடையில் உடனே வெட்டச் சொல்ல வேண்டாம். மிச்சமுள்ள ஸ்பேசர்களை ஸ்டெம்முக்கு மேலே போட்டு ஒரு பருவம் முழுவதும், ஆடிக் காற்றிலும் ஒரு மலை ஏற்றத்திலும் ஓட்டிப் பார்த்தபின் வெட்டிக்கொள்ளலாம்.