எய்தவர் கையொப்பம்

2002 டிசம்பர் 2ஆம் நாள் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர், நம் வழக்கில் பாதுகாப்பு அமைச்சர், டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் ஒரு குறிப்பாணைக்கு ஒப்புதல் அளித்துக் கையொப்பமிட்டார். கியூபாவிலுள்ள அமெரிக்கச் சிறைமுகாமான குவாண்டனாமோவில் கைதிகளை விசாரிக்கும்போது கையாளத்தக்க முறைகள் அதில் இருந்தன: ஆடை களைதல், நாய் போன்றவற்றின் மீதுள்ள அச்சத்தைப் பயன்படுத்துதல், 4 மணி நேரம் வரை நிற்கவைத்தல். கையொப்பத்தை ஒட்டி அவர் தம் கைப்பட ஒரு வரியும் சேர்த்தார். தாம் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் நிற்பதாகவும், கைதிகளுக்கு மட்டும் ஏன் 4 மணி நேர வரம்பு என்றும் அதில் கேட்டிருந்தார். போர்க்காலக் கைதிகள் பட்ட கொடுமையைப் பற்றி யார் பேசினாலும், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படைவீரர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்தி எடுத்த புகைப்படங்களுக்கு முன்பாக எனக்கு இந்தக் கையெழுத்துதான் நினைவுக்கு வருகிறது.

அந்த ஒப்புதல் ஆறு வாரங்களில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அது திறந்துவிட்ட முறைகள் ஆப்கானிஸ்தானுக்கும் பின்னர் ஈராக்குக்கும் பரவியதை அமெரிக்க செனட்டின் படைத்துறைக் குழு 2008இல் வெளியிட்ட அறிக்கை விவரித்தது. நடந்தவற்றைச் சில சிப்பாய்களின் தனிப்பட்ட வக்கிரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதே அதன் முடிவு. தண்டனைகளோ அந்தச் சிப்பாய்களோடு நின்றுபோயின. அபு கிரைப் வழக்குகளில் 11 படைவீரர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள், ஒருவருக்கு 10 ஆண்டுச் சிறை கிடைத்தது. விசாரணைக்கு நிறுத்தப்பட்ட ஒரே உயர் அதிகாரிக்கு விதிக்கப்பட்ட கண்டனம்கூட 2008 ஜனவரியில் நீக்கப்பட்டது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நாம் சொல்வதுண்டு. இங்கே அம்பும் குற்றமற்றதன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மேலே ஏறுகின்ற பொறுப்பு எங்கே காணாமற்போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். உடலுறுப்பு செயலிழப்பதற்கு ஈடான வலி இருந்தால்தான் அது சித்திரவதை என்று 2002 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நீதித்துறை வழக்கறிஞர்கள் எழுதிக்கொடுத்தார்கள். விசாரித்தவர்கள் அந்தச் சட்டக் கருத்தை நம்பினோம் என்றார்கள். அப்படி நல்லெண்ணத்தோடு நம்பிச் செயல்பட்டவர்கள் மீது வழக்குத் தொடரப்படாது என்று 2009 ஏப்ரலில் ஒபாமா அரசு அறிவித்தது. எழுதியவர்கள் செய்ததோ தவறான கணிப்பு மட்டுமே, தொழில்முறைக் குற்றமன்று என்று 2010இல் நீதித்துறை முடித்துக்கொண்டது. கருத்தில் கையொப்பமிட்ட ஜே பைபீ அதற்கு முன்பே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியாகிவிட்டிருந்தார். செய்தவர் எழுதியவரைக் காட்ட, எழுதியவர் வெறும் கருத்துதானே என்று கைவிரிக்க, வட்டம் அழகாக மூடிக்கொண்டது. போர் உட்பட எந்த அசாதாரணச் சூழலும் சித்திரவதைக்கு நியாயமாகாது என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை அமெரிக்கா 1994இலேயே ஏற்றுக்கொண்டிருந்தது.

இதே அமெரிக்கா, மணிலாவில் தம் படையினர் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறியதற்காக ஜப்பானியத் தளபதி டொமொயுகி யமஷிதாவை 1946இல் தூக்கிலிட்டது. அவர் ஆணையிட்டார் என்று மெய்ப்பிக்க வேண்டிய தேவையே எழவில்லை. அந்த வழக்கு நியாயமாக நடந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, ஆயினும் தோற்ற நாட்டின் தளபதிக்குப் பொருந்திய அளவுகோல் வென்ற நாட்டின் அமைச்சருக்கு ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆள் மாறாட்டத்தால் மாசிடோனியாவில் பிடிக்கப்பட்டு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வால் ஆப்கானிஸ்தானில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்ட ஜெர்மானியர் காலித் அல் மஸ்ரியின் வழக்கை, அரசு இரகசியம் வெளிப்படும் என்று காரணம் காட்டி அமெரிக்க நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 60,000 யூரோ இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிட்டது, பிடித்துக் கொடுத்த மாசிடோனியாவுக்கு.

அபு கிரைபில் அடைக்கப்பட்டிருந்த ஒரு பத்திரிகையாளர், ஒரு பள்ளித் தலைமையாசிரியர், ஒரு பழ வியாபாரி ஆகிய மூவர் தொடுத்த வழக்கு 2008இல் தொடங்கியது. 2024 நவம்பரில் வர்ஜீனியாவில் ஜூரிகள் அவர்களுக்கு மொத்தம் 4 கோடியே 20 இலட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தார்கள். கொடுக்க வேண்டியது, விசாரணையாளர்களை ஒப்பந்தத்தில் அனுப்பிய தனியார் நிறுவனம்.