எட்டு வருஷச் சீட்டில் வியாதி பேரே இல்லை

வீட்டுக்காரரின் மாற்றுத்திறனாளி அட்டை தபாலில் வந்து பத்து நாள் ஆகிறது. ஐந்து மாதம், ஆறு நடை. அதில் பாதி என் வாயாலேயே வந்த வினை. ஆன்லைனில் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் என் வாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவருக்கு பைபோலார். மனநிலை சில காலம் தாறுமாறாக ஏறும், சில காலம் அடியோடு இறங்கும் மனநோய். வீட்டில் அந்த வார்த்தை புழங்காது. "மேல இருக்கார்", "கீழ இருக்கார்", அவ்வளவுதான். மேலே இருந்த ஒரு சித்திரையில் தேவனாம்பட்டினம் போய் ஒரு பழைய ஃபைபர் படகுக்கு 60,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். மனுஷனுக்கு நீச்சல் தெரியாது.

அரசு வேலை. போன வருஷம் மேலே போனபோது ராத்திரி மூன்று மணிக்கு மேலதிகாரிக்கு 14 பக்கம் கடிதம் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்புறம் 23 நாள் ஆபீஸ் பக்கமே போகவில்லை. 17பி மெமோ வந்தது, வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு. அரசு ஊழியர் வீட்டில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சங்கத்து அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். "தங்கச்சி, வெறும் மெடிக்கல் சர்டிபிகேட் லீவுக்குத்தான் ஆகும். மாற்றுத்திறனாளி சான்று வாங்கு. 2016 சட்டத்துல 20ஆவது பிரிவு இருக்கு. வேலையில இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை அரசாங்கம் தூக்கவும் முடியாது, பதவி இறக்கவும் முடியாது. பார்க்கிற வேலை ஒத்துவரலைன்னா அதே சம்பளத்துல வேற இடம் காட்டணும்." 2021 டிசம்பரில் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் கொடுத்தார். மனநலப் பிரச்சினை இருந்த ஒரு மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி மேல் போட்ட ஒழுங்கு நடவடிக்கை பற்றிய வழக்கு. நடத்தைக்கு நோயும் ஒரு காரணமாக இருந்தால் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று அதில் இருக்கிறது. மெமோவுக்குப் பதில் எழுதுகிறவர்கள் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நடை. எட்டு வருஷத்து மருந்துச் சீட்டு முழுவதையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். கிளார்க் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திரை பேருதாம்மா இருக்கு. வியாதி பேரு எங்க?" என்றார். எனக்கு அங்கேயே வேர்த்துவிட்டது. கடலூரில் பார்த்தால் தெரிந்த முகம் எதிரே வந்துவிடும் என்று எட்டு வருஷமாகப் புதுச்சேரியில்தான் வைத்தியம். "டாக்டர், சீட்டுல பேர் எழுதாதீங்க, மெடிக்கல் ஷாப்ல படிப்பாங்க" என்று கெஞ்சியதும் நான்தான். அந்த நல்ல மனுஷன் எழுதவே இல்லை.

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, முள்ளோடை தாண்டி, மறுபடி அவரிடம். "நீங்கதானேம்மா வேணாம்னீங்க" என்று சிரித்தார். ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்: நோயின் பெயர், எந்த வருஷம் தொடங்கியது, எத்தனை முறை அட்மிஷன், என்னென்ன மருந்து, அவர் சாப்பிடும் லித்தியம் மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்த கடைசி ரிப்போர்ட். சீட்டு எத்தனை கிலோ இருந்தாலும் இந்த ஒன்றரைப் பக்கம் இல்லாமல் போகாதீர்கள்.

அடுத்த கூத்து பிரவுசிங் சென்டரில். பின்னால் வரிசையில் பக்கத்துத் தெரு அக்கா நின்றுகொண்டிருந்தார். பையன் "என்ன வகை ஊனம்க்கா?" என்று சத்தமாகக் கேட்டான். நான் குனிந்து, "மூளை சம்பந்தமா தம்பி" என்றேன். அவன் அவனுக்குப் புரிந்ததை டிக் அடித்தான். நானும் சரி பார்க்கவில்லை.

மெடிக்கல் போர்டு நாள் வந்தது. போனால், ஒரு சின்னப் பெண் மேஜை மேல் வண்ணக் கட்டைகளையும் படங்களையும் பரப்பி வைத்திருக்கிறாள். ஐக்யூ டெஸ்ட்! மனநோய் என்று டிக் அடிக்க வேண்டிய இடத்தில் அறிவுசார் குறைபாடு என்று அடித்திருக்கிறான். இரண்டும் வேறு, சான்று கொடுக்கும் முறையும் வேறு. இவர் எம்.எஸ்சி. கணக்கு. கட்டைகளைச் சடசடவென்று அடுக்கிவிட்டு "அடுத்தது குடும்மா" என்று உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இவருக்கு ஏன் இந்த டெஸ்ட்?" என்றாள். திருத்தி மறுபடி தேதி வாங்க ஆறு வாரம். பஸ்ஸில் வரும்போது, "நூறுக்கு மேல வந்திருக்கும்ல?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஐந்தாவது நடை சுத்த வீண். மனநல மருத்துவர் அன்றைக்கு லீவு. முதல் நாளே போன் பண்ணிக் கேட்டேன், "வருவார், வாங்க" என்றார்கள். வைகாசி வெயிலில் மதியம் வரை பெஞ்சில். இவருக்குத் தலைவலி வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் அன்பாக டைக்ளோபினாக் மாத்திரை ஒன்றை நீட்டினார். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம்: டைக்ளோபினாக், ஐபுப்ரொபேன் மாதிரி வலி மாத்திரைகள் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் ஏறும். பாரசிட்டமாலும் இரண்டு பாட்டில் தண்ணீரும் என் பையில் எப்போதும் உண்டு. அன்றைக்குச் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

அன்று ராத்திரி மாடியில் நின்றுகொண்டு 14416க்கு போன் போட்டேன். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். காசு இல்லை, தமிழில் பேசுகிறார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை.

ஆறாவது நடையில் மருத்துவர் இருந்தார். எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். தன்னைப் பார்த்துக்கொள்வது, மனுஷரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கும் 4 வரை உண்டு. மொத்தம் 20. அதில் 7 வந்தால்தான் 40 சதவீதம், பெரும்பாலான சலுகைகளுக்கு அது வேண்டும்.

"தினமும் குளிப்பாரா?"

"குளிப்பார் சார்."

"வீட்ல சண்டை?"

"எல்லா வீட்லயும் இருக்கிறதுதான் சார்."

"ஆபீஸ்?"

"போவார் சார். இந்த ஒரு தடவைதான்..."

பக்கத்தில் புருஷனை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல? கிளம்பும்போது மாமியாரும், "பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும், பார்த்துப் பேசு" என்றுதான் அனுப்பினார். மருத்துவர் கூட்டிப் பார்த்தார். 5. "இதுக்கு ஏம்மா இவ்வளவு தூரம் அலையறீங்க?"

அப்போது இவர் வாயைத் திறந்தார். "சார், அவ எனக்காகப் பொய் சொல்றா. நான் சொல்றேன், எழுதுங்க."

படகைச் சொன்னார். 14 பக்கத்தைச் சொன்னார். மேலே இருந்தபோது என் தம்பியைக் கைநீட்டி அடித்ததைச் சொன்னார். கீழே இருந்தால் போன் அடிப்பது காதில் விழும், கை நகராது என்றார். அப்புறம், "வாரக்கணக்குல குளிக்க மாட்டேன் சார். இவ கவலைப்படுவாளேன்னு பாத்ரூம்ல பைப்பைத் திறந்துவிட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்திருப்பேன். தண்ணிச் சத்தம் கேட்டா போதும், இவ சமாதானம் ஆயிடுவா."

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம். எனக்கு அது தெரியாது. தண்ணீர் பில் ஏன் ஏறுகிறது என்று வீட்டுக்காரம்மாவிடம் சண்டை வேறு போட்டிருக்கிறேன்.

மருத்துவர் பழைய எண்களை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். 9.

போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. நன்றாக இருக்கும் நாளில்தான் தேதி கிடைக்கும். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தெளிவாகப் பேசும் ஆளைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். அதனால் முதல் நாள் ராத்திரியே இருவரும் உட்கார்ந்து, மோசமான மாதத்தில் என்னென்ன நடந்தது என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாளைப் படிப்பது சுலபம். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதுதான் கஷ்டம்.

சான்று தற்காலிகம்தான், காலம் முடிந்ததும் மறுபடி போக வேண்டும். மெமோவுக்குப் பதிலும் அட்டை நகலும் கொடுத்தாயிற்று, இன்னும் முடிவு வரவில்லை. பேர் எழுதாத சீட்டுகளைப் பரணில் போட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் கதவைத் தட்டி, "ஏங்க, குளிக்கிறீங்களா, உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்கிறேன். "குளிக்கிறேன்டி" என்று கத்துவார். நேற்றுக் காலை கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "உக்காந்திருக்கேன்" என்றார். புதுச்சேரி டாக்டருக்கு போன் பண்ணி வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.