டிபிசி பணியாளர் ஏன் ஃபிரிட்ஜை நகர்த்தச் சொல்கிறார்?

சென்னையில் "கொசுப்புழு செக் பண்ணணும்மா" என்று கதவைத் தட்டும் மாநகராட்சிக் களப்பணியாளர்களை டிபிசி (டொமெஸ்டிக் பிரீடிங் செக்கர், வீடுகளில் கொசு உற்பத்தியைச் சோதிப்பவர்) என்பார்கள். கையில் டார்ச், கரண்டி, அபேட் மருந்து பாட்டில். "ட்ரம்ல ஊத்திட்டுப் போங்க" என்று வாசலோடு அனுப்பிவிடும் வீடுகள் ஏராளம். ஆனால் மருந்து ஊற்றுவது கடைசி வேலை. முதல் வேலை தேடுவது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், இந்த ஊர் வெக்கையில் முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளும். பணியாளர் வாரம் ஒருமுறை வருவதற்குக் காரணம் இதுதான். முட்டையை அது தண்ணீரில் மிதக்கவிடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச்சுவரில் ஒட்டிவைக்கும். ட்ரம் காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் தாங்கும். லாரித் தண்ணீர் வந்ததும் பாதி ட்ரம்மை அப்படியே நிரப்புகிறோம் இல்லையா, மட்டம் ஏறி முட்டைகள் நனைந்து பொரிப்பது அப்போதுதான். கவிழ்த்தால் மட்டும் போதாது. ப்ளீச்சிங் பவுடர் போட்டு, உள்சுவரை பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

பார்ப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. மூடியைத் தடாலென்று திறந்தால், நிழலும் அதிர்வும் பட்டுப் புழுக்கள் அடிக்குப் போய்விடும். "ஒண்ணுமில்ல" என்று எழுதிவிட்டு நகர்வது அவசரக்காரர் செய்கிற தப்பு. ஓரிரண்டு நிமிடம் பொறுத்தால் மூச்சுவிட மேலே வரும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸாகவோ சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸாகவோ இருக்கலாம். நீர்ப்பரப்போடு படுக்கையாகக் கிடந்தால் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் வகை. சென்னையின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் பின்னது கிடைக்கும்.

வீட்டுக்காரர் கண்ணில் படாத இடம், ஃபிரிட்ஜின் பின்பக்கம் கம்ப்ரெஸருக்கு மேலே இருக்கும் தட்டு. உறைபனி உருகி அங்கே சொட்டும் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது; ஏடிஸுக்கு அது தாராளம். அடுத்து மணிபிளான்ட் பாட்டில், பூந்தொட்டித் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், மொட்டை மாடி டயர்.

மருந்தின் கணக்கு எளிது. அபேட்டில் இருக்கும் டெமிபாஸ், குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 50 சதவீத மருந்தானால் 1000 லிட்டர் தொட்டிக்கு 2 மில்லி. அதையும் தண்ணீரில் கலந்துதான் ஊற்றுவார்கள். 200 லிட்டர் ட்ரம்முக்கு அரை மில்லிகூட வராது. "நல்லா ஊத்துங்க" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, காற்புள்ளி போல் சுருண்டிருக்கும் கூட்டுப்புழு எதையும் தின்னாது. அதனிடம் அபேட் பலிக்காது. இரண்டு நாளில் கொசுவாகிவிடும். அது கண்ணில் பட்டால் தண்ணீரைத் தரையில் கொட்டுவது ஒன்றே வழி.

இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை பூட்டிய வீடு. 100 வீடு பார்த்து 4 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 4. அந்த நான்கிலும் சேர்த்து 6 பாத்திரங்களில் இருந்தால் பிரெட்டோ குறியீடு 6. வகுக்கும் எண்ணில் வருவது பார்த்த வீடுகள் மட்டுமே. காவலாளி கேட்டிலேயே திருப்பி அனுப்பும் அடுக்குமாடிகளும், இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளும் கணக்கிலேயே வராமல், குறியீடு மட்டும் அழகாகத் தெரியும். பூட்டிய வீடுகளைத் தனிப்பட்டியல் போட்டு மாலையிலோ ஞாயிறன்றோ மறுபடி போகாத வரை அந்த எண்ணை நம்புவதற்கில்லை.

புகை மருந்துக்குத்தான் தெருவில் மவுசு. அது அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணியிலும் உட்கார்ந்திருக்க, நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்!

டிபிசி பணியாளர் "யாருக்காவது காய்ச்சலா?" என்றும் கேட்பார். மறைக்காதீர்கள். அந்தத் தகவல் போனால்தான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் சுற்றுவட்ட வீடுகளைச் சோதிக்கும். டெங்குவா என்று பார்க்க, காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை, அதன்பின் ஐஜிஎம் எலிசா ரத்தப் பரிசோதனை. பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் இறங்கும் சமயத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, அசதி வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.